பெரியம்மா பையன்

ஒகிமூரா இசாமு காலையில் ஒரு வாழைப்பழம் சாப்பிட்டார். ஆசைப்பட்டுச் சாப்பிடவில்லை. வெறும் வயிற்றோடு ஒலிப்பதிவுக்குப் போனால் காதல் காட்சியின் நடுவில் வயிறு கடமுடவென்று பேச ஆரம்பித்துவிடும். மைக்குக்கு வயிறு எது வாய் எது என்று தெரியாது, எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும். வயிறு முட்டத் தின்றாலோ ஏப்பம். கார்ட்டூன் படங்களுக்குக் குரல் கொடுத்தே தலை நரைத்தவர் அவர். இத்தனை வருடத்தில் அவர் கற்ற ஒரே வித்தை இந்த வாழைப்பழக் கணக்குதான் என்று கூடவே குடியிருக்கும் கென்சாகு கிண்டலடிப்பது வழக்கம்.

இன்று கென்சாகு கிண்டலடிக்கவில்லை. அடியில் கணப்பு வைத்த குட்டை மேஜைக்குள் காலை நீட்டிக்கொண்டு ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனியில் வேலை. இன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

"மூணு மணி. ஸ்டேஷனுக்கு எதிர்ல, மருந்துக்கடை மாடியில" என்றார்.

"தெரியும்யா."

"இது அஞ்சாவது வீட்டு புரோக்கர்."

"அதுவும் தெரியும்."

"தெரிஞ்சா சரி. ஆனா இன்னிக்கு நான் உன் பெரியம்மா பையனா உள்ள வரமாட்டேன்."

இசாமு வாழைப்பழத் தோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ரகவாரியாகக் குப்பை பிரிக்கும் கூடைகளில் எதில் போடுவது என்று அவருக்கு எப்போதும் சந்தேகம். கென்சாகு தலையை நிமிர்த்தாமலே சரியான கூடையைக் கைகாட்டினார்.

விஷயம் இதுதான். அவர்கள் இருந்த கட்டடம் நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள். மார்ச் முடிவதற்குள் எல்லாரும் காலி செய்தாக வேண்டும். பத்தொன்பது வருடம் முன்னால் இவர்களைக் குடிவைத்த அம்மாள் எதையும் கேட்டதில்லை. பூனை வளர்க்காதீர்கள் என்பதோடு சரி. இப்போதைய புரோக்கர்கள் அப்படியா? நாற்காலியில் உட்கார்ந்த கையோடு கேட்கிறார்கள்: உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு? கென்சாகு வாயைத் திறப்பதற்குள் இசாமு முந்திக்கொள்வார். "இவர் என் பெரியம்மா பையன்" என்று தேன் சொட்டும் குரலில் சொல்லிவிடுவார். அந்தக் குரலைச் சந்தேகப்பட யாருக்கும் மனசு வராது. புரோக்கர் நம்பிவிடுவார். ஆனால் வீட்டு ஓனர்களுக்கு வேறு கவலை. கல்யாணம் ஆகாத இரண்டு வயசாளிகள், இதில் ஒருத்தர் செத்தால் யார் வந்து பார்ப்பது? ஆக, பொய்யும் சொல்லியாயிற்று, வீடும் கிடைக்கவில்லை. நாலு தடவை இப்படி ஆகிவிட்டது.

"நீதான் சொல்லணும்" என்றார் கென்சாகு. "நான் சொன்னா நீ பக்கத்துல உக்காந்து சுவத்தைப் பாத்துட்டிருப்ப. எனக்குத் தெரியாதா உன்னை? உன்னால முடியலையா, பரவால்ல, விடு. ஊரைத் தாண்டி சைத்தாமாவுல எங்க கம்பெனி குவார்ட்டர்ஸ் இருக்கு. ஒத்தை ரூம். நான் அங்க போயிடறேன். நீ இங்கயே எங்கயாவது ஒரு ரூம் பாத்துக்க. தனி ஆளுக்கு சுலபமாக் கிடைக்கும். ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை வரேன்."

"கோவமா?"

"கோவமெல்லாம் போயி ரொம்ப நாளாச்சு. அலுத்துப்போச்சுடா."

ஒரு சுளையை எடுத்து நீட்டினார். புளிப்பு தொண்டைக்கு ஆகாது என்று இசாமு வேண்டாம் என்றார். நீட்டிய கையைக் கென்சாகு திரும்ப இழுத்துக்கொண்டு தானே தின்றார். கத்தியிருந்தால் இசாமுவுக்குத் தேவலையாக இருந்திருக்கும். மனிதர் கணக்கெல்லாம் போட்டு முடித்துவிட்ட மாதிரி பேசியதைத்தான் தாங்க முடியவில்லை.

ரயிலில் நின்றபடியே வசனப் புத்தகத்தைப் பிரித்தார். இன்று கடைசி அத்தியாயம். இரண்டு ஆண்கள் காதலிக்கும் கதை. புத்தகமாக வந்து சக்கைப்போடு போட்டது, இப்போது கார்ட்டூன் படமாகிறது. இதில் அவர் மேனேஜர் தோயாமா. கண்ணாடி, நெற்றியில் ஒரு கற்றை முடி, ஐந்தரை அடிக்குக் கால் மட்டுமே இருக்கும் உடம்பு.

இந்த மாதிரிக் கதைகளை எழுதுகிறவர்களும் படிக்கிறவர்களும் பெரும்பாலும் பெண்கள். இசாமுவுக்கு அவர்கள்மேல் ஒரு குறையும் கிடையாது. சோறு போட்டவர்கள். சின்ன வயதில், குரல் மெல்லிசாக இருந்தபோது, கட்டிப்பிடிக்கப்படுகிற பையனாக நடித்தார். எல்லாக் கதையிலும் இரண்டாவது அத்தியாயத்தில் அழுவான், மழையில் நனைவான், காய்ச்சல் வரும். வயது ஏற ஏறக் குரல் தடித்தது. கட்டிப்பிடிக்கிறவனாகப் பதவி உயர்வு கிடைத்தது. குமாஸ்தாவாகச் சேர்ந்து மேனேஜராக ஆன மாதிரிதான். மொட்டை மாடியில் முத்தமிட்டிருக்கிறார், பள்ளிக்கூட மருத்துவ அறையில், பூ உதிரும் மரத்தடியில், லிஃப்ட் நின்றுபோன இருட்டில் எல்லாம் முத்தமிட்டிருக்கிறார். லிஃப்ட் கதையைக் கேட்டுக் கென்சாகு, "அலாரம் பட்டன் எதுக்குடா வச்சிருக்கு?" என்று கேட்டார்.

அத்தனை கதையிலும் ஒருத்தனாவது வாடகைக்கு வீடு தேடியதுண்டா? கிடையாது. முப்பத்தைந்தைத் தாண்டியவன் உண்டா? தாண்டினாலும் முடி நரைக்காது. மேனேஜர் தோயாமாவின் வீட்டில் ஜன்னல் வழியே பாதி டோக்கியோ தெரிகிறது. அந்த வீட்டை அவருக்கு எந்தப் புரோக்கர் பிடித்துக் கொடுத்தான் என்று இசாமு பல நாள் யோசித்திருக்கிறார்.

அப்புறம் அந்த வரி. எந்தக் கதையானாலும் எங்கேயாவது ஓரிடத்தில் அது வந்துவிடும். "எனக்கு ஆம்பளைங்களப் பிடிக்கும்னு இல்ல. நீங்கறதாலதான் பிடிச்சிருக்கு." கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், சாரம் அதுதான். கேட்கிற பெண்களுக்கு அது காதலின் உச்சம். ஊர் உலகத்தில் யாரையும் பிடிக்காதவனுக்கு உன்னை ஒருத்தனைப் பிடித்துவிட்டதே! இசாமு அந்த வரியை இருபது தடவையாவது சொல்லியிருப்பார். இளைஞனாக, டாக்டராக, சாமுராயாக, ஒரு தடவை குள்ளநரியாகக்கூட. சொல்லிவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போய்க் கென்சாகுவின் முதுகில் வலி மருந்து தேய்ப்பார். பள்ளிக்கூடம் படிக்கும் காலத்திலிருந்து இசாமுவுக்கு ஆண்களைத்தான் பிடிக்கும். அதை வெளியே யாரிடமும் சொன்னதில்லை.

சொல்லக்கூடாது என்று யாரும் அவரிடம் சட்டம் பேசவில்லை. அவருடைய வேலைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆபீஸில் ஒருத்தர் ஒரு தடவை சிரித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுங்க உங்க குரலைத் தலைமாட்டுல வச்சுக் கேட்டுக்கிட்டே தூங்கறாங்க சார். அங்க தோயாமாவுக்குத்தான் இடம். உங்க சொந்தக் கதைக்கு இடம் கிடையாது." அவ்வளவுதான் பேச்சு. இசாமுவுக்கு அது போதுமானதாக இருந்தது.

ஸ்டூடியோவில் நாலு மைக் வரிசையாக நின்றன. எதிரே திரையில் படம் ஓடும். பாதிக்குமேல் இன்னும் வர்ணம் பூசாத வெறும் கோட்டுப் படம்தான். ஆனால் உதடு அசைவு மட்டும் கச்சிதமாக வரைந்திருப்பார்கள். அது திறக்கும்போது திறந்து, மூடும்போது மூட வேண்டும். வசனப் புத்தகத்தின் தாளைச் சத்தமில்லாமல் புரட்ட வேண்டும். சரசரக்கிற சட்டை போடக்கூடாது. இசாமுவின் பருத்திச் சட்டையைக் கென்சாகுதான் தேய்த்து வைத்திருந்தார்.

ஜோடியாக நடிப்பவன் மினாசே. முப்பது வயது, நல்ல பையன், போன மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. தூக்கமில்லாமல் கண் சிவந்திருந்தான்.

"அண்ணே, இன்னிக்குக் கடைசி முத்தம்" என்றான்.

"அப்பாடான்னு இருக்கு."

"எனக்குந்தான். என் கையைப் பாருங்க, தோலே உரிஞ்சுபோச்சு."

முத்தச் சத்தத்துக்கு அவரவர் புறங்கையில் அவரவர் முத்தமிட்டுக்கொள்ள வேண்டும். தொழில்முறை அது. இரண்டு பேர் ஆளுக்கொரு மைக் முன்னால் நின்று, ஒருத்தரை ஒருத்தர் பார்க்காமல், தன் கையைத் தானே உறிஞ்சிக்கொண்டிருப்பார்கள். பார்த்தால் மாம்பழம் சாப்பிடுகிறார்கள் என்று நினைக்கத் தோன்றும். நீ உன் கைக்குக் கொடுத்ததில் பாதிகூட எனக்குக் கொடுத்ததில்லை என்று கென்சாகு ஒரு புத்தாண்டு அன்று குடித்துவிட்டுச் சொன்னார். இசாமு அன்று விழுந்து விழுந்து சிரித்தார். இப்போது நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

முத்தம் முதல் தடவையிலேயே ஓகே ஆயிற்று. அந்த வரிதான் வரவில்லை.

வந்தது, உயிரில்லாமல் வந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஒலி இயக்குநர் குஜிராய் அம்மா உட்கார்ந்திருந்தார். இசாமுவின் முதல் படத்திலிருந்து அவரைப் பார்த்து வருகிறவர். மைக் பட்டனை அழுத்திச் சொன்னார்: "ஒகிமூரா-சான், தப்பு ஒண்ணும் இல்ல. ஆனா ரயில் வருது ஓரமா நில்லுங்கன்னு சொல்ற மாதிரி இருக்கு."

மறுபடியும் சொன்னார். மறுபடியும் ரயில்தான் வந்தது. அடுத்த தடவை உதடு மூடிய பிறகும் இவர் பேசிக்கொண்டிருந்தார். அதற்கடுத்த தடவை 'ஆம்பளைங்கள' என்கிற இடத்தில் நின்றுவிட்டார். மினாசே தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். இந்த மனிதர் ஒரே வரிக்கு இத்தனை தடவை எடுத்து அவன் பார்த்ததே இல்லை.

"குஜிராய்-சான்" என்றார் இசாமு. "அந்த முதல் பாதியை விட்டுட்டா என்ன? உன்னைப் பிடிச்சிருக்குன்னா போதாதா?"

"உதடு அசையுதே."

"உதட்டுக்கு வேற ஏதாவது வச்சுக்கலாம். அவன் பேரை ரெண்டு தடவை கூப்பிடறேன்."

கண்ணாடிக்குப் பின்னால் நாலைந்து தலைகள் கூடிப் பேசின.

"முடியாதாம்" என்றார் குஜிராய் அம்மா. "துண்டுல அச்சடிச்சாச்சாம்."

"என்ன துண்டு?"

"குளிக்கற துண்டு. சாவிக்கொத்து, டீ கப்பு, எல்லாத்துலயும் அந்த வரிதான். அடுத்த மாசம் ரசிகர் விழாவுல விக்கறாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். இசாமுவும் சிரித்தார். துண்டோடு யார் சண்டை போட முடியும்? சிரித்து முடித்துத் திரையில் நிற்கிற கோட்டுப் படத்தைப் பார்த்தார். தோயாமா பாவம், அவனுக்கும் வேறு வழியில்லை என்று தோன்றியது. பிடித்திருக்கிறது என்று சொல்வதற்கு முன்னால் நான் அப்படிப்பட்டவன் இல்லை என்று சொல்லியாக வேண்டும். இல்லாவிட்டால் யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள்.

அந்த நினைப்பில் அடுத்த தடவை வாயைத் திறந்தார். எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. இனிப்பான, பணிவான குரல். அடியில் ஒரு மெல்லிய நடுக்கம். உள்ளே ஏதோ ஒன்றைக் கையால் மூடிக்கொண்டு வெளியே சிரிக்கிற குரல். உதடும் சொல்லும் அச்சாகப் பொருந்தின. பதிவு முடிந்து சிவப்பு விளக்கு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் குஜிராய் அம்மா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே, புல்லரிச்சிடுச்சு" என்றான் மினாசே. "எங்கேர்ந்து எடுத்தீங்க அதை?"

"வீட்டு புரோக்கர்கிட்டேர்ந்து."

அவன் ஜோக் என்று நினைத்துச் சிரித்தான். இசாமு சிரிக்கவில்லை. அது பெரியம்மா பையன் குரல். நாலு கடையில் நாலு தடவை சொல்லிச் சொல்லிப் பழகிய குரல். இத்தனை வருடத் தொழிலில் இதைவிட நன்றாக அவர் எதையும் சொன்னதில்லை. அதை நினைக்க வெட்கமாக இருந்தது. கைகழுவும் இடத்துக்குப் போய்ப் புறங்கையைச் சோப்புப் போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினார்.

திரும்பி வரும் ரயிலில் முடிவு செய்துவிட்டார். சொல்லிவிடுவது. எப்படிச் சொல்வது என்பதுதான் குழப்பம். என் துணை என்றால் கல்யாணப் பத்திரிகை மாதிரி இருந்தது. என் ஆள் என்றால் ரவுடித்தனம். என் புருஷன் என்று உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபோது எதிர் சீட்டு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். சரி, நாங்கள் சேர்ந்து வாழ்கிறோம், அவ்வளவுதான். எவனோ முகம் தெரியாத புரோக்கர். அவனிடம் சொன்னால் என்ன குடி முழுகிவிடப் போகிறது?

கென்சாகு மருந்துக்கடை வாசலில் குளிருக்குக் கையைத் தேய்த்துக்கொண்டு நின்றார். "எப்படிப் போச்சு?" என்றார். "நல்லாப் போச்சு" என்றார் இசாமு. வேறொன்றும் பேசாமல் இருவரும் மாடி ஏறினார்கள்.

புரோக்கர் ஒரு பெண். ஹொஷினா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்தது. இருபத்தைந்து வயது இருக்கும், கன்னத்தில் குழி. அவள் மேஜையில் கால்குலேட்டருக்குப் பக்கத்தில் விரல் உயரத்துக்குப் பிளாஸ்டிக்கில் ஒரு ஆள் நின்றுகொண்டிருந்தான். கண்ணாடி, நெற்றியில் ஒரு கற்றை முடி. மேனேஜர் தோயாமா.

உட்காரப் போன இசாமு அப்படியே நின்றார். முகத்தைப் பற்றிக் கவலையில்லை, மாஸ்க் போட்டிருந்தார், அவர் முகத்தைத் தெரிந்தவர்களும் குறைவு. ஆனால் வாயைத் திறந்தால் போச்சு. தோயாமாவை மேஜையில் வைத்துக் கும்பிடுகிறவளுக்கு அந்தக் குரல் தெரியாமல் இருக்குமா? ரயிலில் எடுத்த முடிவு ரயிலோடு போய்விட்டது.

"வாங்க சார், உக்காருங்க. ரெண்டு ரூம் வீடுதானே கேட்டிருந்தீங்க?"

"ஆங்... ஆமாம்மா. ரெண்டு ரூம்" என்றார் இசாமு. தொண்டையை நெரித்து, மூக்கால், கரகரவென்று ஒரு கிழட்டுக் குரலில் சொன்னார். கென்சாகு திடுக்கிட்டுத் திரும்பிப் பார்த்தார்.

"ஸ்டேஷனுக்குப் பக்கத்துலயா?"

"நடக்கற தூரத்துல இருந்தாப் போதும்மா. எலும்பு தேஞ்சுபோச்சு பாரு..."

ஹொஷினாவின் கை கம்ப்யூட்டரில் அப்படியே நின்றது. அவள் கண் விரிந்துகொண்டே போயிற்று.

"தேரைத் தாத்தா!"

ஆயிரம் குரல் வைத்திருக்கிறவர் அவசரத்தில் எதை எடுத்திருக்கிறார் என்று இசாமுவுக்கு அப்போதுதான் உறைத்தது. காலை நேரக் குழந்தைகள் கார்ட்டூனில் வருடக்கணக்காகத் தேரைத் தாத்தாவாக வந்து, பல் விளக்கினாயா, கை கழுவினாயா என்று நாடு பூராவும் உள்ள பிள்ளைகளை மிரட்டிய குரல் அது. ஒளிந்துகொள்ளப் போய் நடுத்தெருவில் நின்றாயிற்று.

"சின்ன வயசுல என்னைப் பல்லு விளக்க வச்சதே நீங்கதான் சார்! எங்க அம்மா சொன்னாக் கேக்கமாட்டேன், நீங்க சொன்னாத்தான்..." என்றவள் சட்டென்று நிறுத்தினாள். தேரைத் தாத்தாவுக்குக் குரல் கொடுத்தவர் வேறு யாருக்குக் குரல் கொடுக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பிளாஸ்டிக் தோயாமாவைப் பார்த்தாள், இசாமுவைப் பார்த்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். "ஐயோ. ஐயோ சார்."

"கண்டுபிடிச்சிட்டீங்க" என்றார் இசாமு. இனி கரகரத்து என்ன பயன்?

"சார், தப்பா நினைச்சுக்காதீங்க, ஒரே ஒரு தடவை... அந்த வரி. கடைசி அத்தியாயத்துல வருமே, எனக்கு ஆம்பளைங்களப் பிடிக்கும்னு இல்ல, நீங்கறதாலதான்னு. அதை நீங்க எப்படிச் சொல்லுவீங்கன்னு நாங்க பிரெண்ட்ஸ் எல்லாம் தினம் பேசிட்டிருக்கோம். ஒரே ஒரு தடவை சார்!"

குரல்காரர்களைப் பார்த்தால் ரசிகர்கள் வரி கேட்பது உலக வழக்கம். இசாமு ரயிலிலும் கழிப்பறை வாசலிலும்கூடச் சொல்லியிருக்கிறார். பக்கத்தில் கென்சாகு சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். சுவரில் ஒட்டியிருந்த காலி வீடுகளின் படங்களை ஒவ்வொன்றாக, ரொம்பக் கவனமாக, படித்துக்கொண்டிருந்தார்.

"இன்னிக்கு அது தீந்துபோச்சும்மா" என்றார் இசாமு. "படம் வரும்போது கேட்டுக்குங்க."

அவள் அதையும் ஜோக்காக எடுத்துக்கொண்டு சிரித்தாள். பிறகு முகத்தைத் துடைத்து, சட்டையைச் சரிசெய்து, புரோக்கராக நிமிர்ந்து உட்கார்ந்தாள். "மன்னிச்சுக்குங்க சார், வேலையைப் பாப்போம். உங்க ரெண்டு பேருக்கும் என்ன உறவு?"

நாக்கு நுனியில் பெரியம்மா தயாராக வந்து நின்றாள். தேனாக, பாகாக. சொன்னால் ஒரு நொடியில் முடிந்துவிடும். இந்தப் பெண் நம்புவாள், நாளைக்குச் சிநேகிதிகளிடம் என் கடைக்கு யார் வந்தார் தெரியுமா என்று பீற்றிக்கொள்வாள். தோயாமா அவள் மேஜையில் பத்திரமாக நிற்பான். உண்மையைச் சொன்னாலும் சிநேகிதிகளிடம் பேசத்தான் போகிறாள். அந்தச் சிநேகிதிகளுக்கு எத்தனை சிநேகிதிகளோ. நாளைக்கு ஆபீஸிலிருந்து போன் வரும். அடுத்த மாதம் துண்டு விற்குமா விற்காதா என்று கூட்டம் போடுவார்கள்.

கென்சாகு சுவரிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அவர் கையிலிருந்து இன்னும் ஆரஞ்சு வாசனை வந்துகொண்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று சொன்னாரே. சொன்னால் செய்கிற மனிதர். முதலில் வாராவாரம் வருவார். பிறகு முதுகு வலி என்பார். இசாமுவுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்தப் பயத்துக்கு முன்னால் மற்றது சின்னதாகத் தெரிந்தது.

மாஸ்க்கைக் கழற்றினார்.

"நாங்க சேந்து வாழறவங்க. புருஷன் பொண்டாட்டி மாதிரி. மாதிரி என்ன மாதிரி, இந்த நாட்டுல எங்களுக்குக் கல்யாணம் பண்ணி வைக்கமாட்டாங்க, அவ்வளவுதான் வித்தியாசம்." கழற்றிய மாஸ்க்கைச் சட்டைப்பையில் திணித்தார். "எனக்கு ஆம்பளைங்களத்தான் பிடிக்கும். எப்பவுமே. அதுல இவரை ரொம்ப."

அது தேன் குரலும் இல்லை, மேனேஜர் குரலும் இல்லை. சோயா பாட்டில் எங்கே, என் இன்னொரு காலுறை எங்கே என்று வீட்டில் கேட்கிற தட்டையான, கொஞ்சம் சளி கட்டிய குரல். நடுவில் ஓரிடத்தில் உடைந்தும் போயிற்று. குஜிராய் அம்மாவாக இருந்தால் இன்னொரு தடவை எடுக்கலாம் என்றிருப்பார்.

கென்சாகு சுவரை விட்டுவிட்டு இவரைப் பார்த்தார்.

ஹொஷினாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. முகம் சிவந்தது. கை தானாகப் போய்ப் பிளாஸ்டிக் தோயாமாவை எடுத்து இழுப்பறைக்குள் வைத்தது. ஏன் வைத்தாள் என்று அவளைக் கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. பிறகு போனை எடுத்தாள்.

"ரெண்டு ஆண்கள்... ஆமா சார், அம்பது வயசுக்கு மேல... இல்ல, சொந்தக்காரங்க இல்ல, அவங்க வந்து... ஜோடி." மறுமுனையில் வீட்டு ஓனரான ஒரு கிழவர் ஏதோ நீளமாகப் பேசினார். மரியாதையான பேச்சுதான். போனை வைத்துவிட்டு எழுந்து நின்று குனிந்தாள். "வயசானவர் சார். தப்பா எடுத்துக்காதீங்க. வேற யாருக்கோ கொடுக்கறதா முடிவு பண்ணிட்டாராம், இப்பதான்."

"இப்பதானே" என்றார் கென்சாகு. அவர் இந்தக் கடைக்குள் வந்து பேசிய முதல் வார்த்தை அது.

ஹொஷினா குரலைத் தாழ்த்தினாள். "சார், நான் இதை யார்கிட்டயும் சொல்லமாட்டேன். சத்தியமா. எங்க பிரெண்ட்ஸ்கிட்டகூட."

நல்ல பெண். மனசாரத்தான் சொன்னாள். ஆனால் அதைக் கேட்டதும் இசாமுவுக்குக் காலையிலிருந்து தேக்கி வைத்த அலுப்பு முழுவதும் தோளில் வந்து உட்கார்ந்தது. இதுவும் அவரை உள்ளே வைத்துப் பூட்டுகிற அதே பெரியம்மா வீட்டுக் கதவுதான். இந்தத் தடவை வேறொருத்தி அன்பாகச் சாத்துகிறாள்.

"சொல்லுங்கம்மா" என்றார்.

"சார்?"

"வீட்டு ஓனருங்ககிட்ட. போனை எடுத்ததும் அதைத்தான் முதல்ல சொல்லணும். ரெண்டு ரூமு, தெக்கு பாத்த ஜன்னலு எல்லாம் அப்புறம். வேணாங்கறவங்க உடனே வேணாம்னு சொல்லட்டும். வீட்டைப் போய்ப் பாத்து, பிடிச்சுப்போயி, பொய் சொல்லி, அப்புறம் அவங்க இல்லைன்னு சொல்லி... எங்களால முடியலம்மா. வயசாச்சு."

ஹொஷினா நாற்காலியை மேஜைப் பக்கம் இழுத்துக்கொண்டாள். பிறகு அடுத்த நம்பரைப் போட்டாள். புரோக்கர்களின் கணீர்க் குரலில், பக்கத்து மேஜையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி, எடுத்த எடுப்பில் சொன்னாள். அந்தப் பக்கம் டொக்கென்று வைத்துவிட்டார்கள். இன்னொரு நம்பர். அங்கே ஒரு அம்மாள், என் மகனைக் கேட்டுச் சொல்கிறேன் என்றாள். கேட்கமாட்டாள் என்று மூன்று பேருக்கும் தெரிந்தது. ஹொஷினா மறுபடியும் போட்டாள், மறுபடியும் அதே கணீர்க் குரலில் சொன்னாள். இந்தத் தடவை அந்தப் பக்கம் போனை வைக்கவில்லை. பிறகு ஏதோ ஒரு கேள்வி வந்தது. அவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு இவர்களிடம் திரும்பினாள்.

"குப்பையைப் பிரிச்சுப் போடுவாங்களானு கேக்கறார்."

இசாமு வாயைத் திறப்பதற்குள் கென்சாகு முந்திக்கொண்டார்.

"நான் போடுவேன். இவன் போடமாட்டான்" என்றார். "பத்தொன்பது வருஷமாச் சொல்லிட்டிருக்கேன், வாழைப்பழத் தோலை எதுல போடறதுன்னு இன்னிக்குக் காலையிலகூட முழிச்சிட்டு நின்னான். அதையும் அவர்கிட்ட சொல்லிடுங்கம்மா."